மார்வின் ஹேட்ச் பெயர் போட்ட மவுத்பீஸ்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பொங்கலுக்கு ஒரு பேப்பர் ஏஜென்சிக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகக் கடையில் ஜெராக்ஸ் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை உருவி எடுத்துத் தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

நேற்று தில்லைநகரில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும்போது சாக்ஸபோன் தனியாக ஒரு பழைய மெலடி வாசிக்க வேண்டும். நாதத்துளி மெல்லிசைக் குழு தொடங்கிய நாளிலிருந்து அது என் இடம். சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் சத்தம் கீச்சென்று உடைந்தது. சமாளித்து இறங்கினேன், இறங்கிய இடத்திலும் உடைந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. மாப்பிள்ளையே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று ஒரு மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு என்னைப் பார்க்கும்படி செய்திருக்கிறேன்.

குழுவை நடத்துகிற குணாளன் சாப்பாட்டுப் பந்தியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இருதயண்ணே, ஒரு தடவைன்னா பரவால்ல. ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு ப்ரோகிராம்கூட சுத்தமா வரல. செப்டம்பர் ஏழாம் தேதி பெரிய எடம். வீடியோ மெட்ராஸ்லேர்ந்து வருது. அதுலயும் இப்படி ஆச்சுன்னா சாக்ஸ் பார்ட்டை கிஷோர்ட்ட குடுத்துருவேன். கோச்சுக்காதீங்க."

கிஷோர் எங்கள் கீபோர்டு ஆள். இரண்டு கீபோர்டுகளை அடுக்கி வைத்திருக்கிறான். மேலே இருப்பதில் ஒரு பட்டனை அமுக்கினால் சாக்ஸபோன் சத்தம் வருகிறது. மூச்சு வேண்டாம், உதடு வேண்டாம், ஒரு விரல் போதும். அதற்கு மேல் அவன் என்னை 'அங்கிள்' என்கிறான். "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள்" என்று எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிடவில்லை. ஐஸ் ஆகாது எனக்கு, கொஞ்ச நாளாக.

ஆகஸ்ட் 4, திங்கள்

நிதானமாக யோசித்தேன். காரணம் மூன்றில் ஒன்று. ரீட் சரியில்லை, அல்லது மண்டபத்து ஏசி, அல்லது மவுத்பீஸ். ரீட் என்பது வாயில் வைத்து ஊதும்போது அதிர்கிற மூங்கில் மாதிரியான பட்டை. அதைப் போன மாதம்தான் மாற்றினேன். ஏசியை நான் ஒன்றும் செய்ய முடியாது. மீதி இருப்பது ரீட்டைப் பொருத்தி வாயில் வைக்கிற மவுத்பீஸ்.

என்னுடையது கறுப்பு எபோனைட், கெட்டி ரப்பர் மாதிரி ஒன்று. வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. மேல்பக்கம் என் இரண்டு முன்பல்லும் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு குழி விழுந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாலும் பல் தானாகப் போய் அதில் உட்காரும். இத்தனை வருடம் உழைத்த பொருள் தேயத்தானே செய்யும்? தப்பு அதில்தான் இருக்க வேண்டும்.

என் மனைவி ரெஜினா மாலையில் முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். காப்பியில் ஊறப்போட்டுத் தின்றேன். "அது என்ன புதுப் பழக்கம்?" என்றாள். அப்படித் தின்றால்தான் ருசி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சூசைமாணிக்கம் அண்ணன் கடைக்கு வந்தார், ஆதார் நகல் எடுக்க. ஒரு காலத்தில் எங்கள் குழுவின் டிரம்பெட் அவர். முன்பல் விழுந்த பிறகு ஊத முடியவில்லை. இப்போது அதே குழுவில் மைக் செட் பார்க்கிறார். மேடைக்கு எதிரே மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து யார் சத்தத்தைக் கூட்டுவது, யாரைக் குறைப்பது என்று பட்டன் தள்ளுவதுதான் வேலை. அவருடைய டிரம்பெட் வீட்டில் பரண்மேல் கிடக்கிறது. அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

புது மவுத்பீஸ் வாங்கப் போவதைச் சொன்னேன். மார்வின் ஹேட்ச் என்று ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர். அவர் சொந்தமாக வடிவமைத்து, தன் கையெழுத்தைச் செதுக்கி விடுகிற மவுத்பீஸ். தங்க முலாம். போனில் படம் காட்டினேன். விலையைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு அந்த ஆளே வந்து ஊதிட்டுப் போவானா?"

"வெளயாடாதீங்கண்ணே. அதோட உள்வாய் அமைப்பே வேற."

"உன் வாயக் காட்டு பாப்போம்."

"என் வாய்க்கு என்ன?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஜெராக்ஸுக்கு நின்றிருந்த வக்கீல் குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். சூசையண்ணன் நகலை மடித்துக்கொண்டு போனார். அவருக்குப் பல் போனால் ஊரில் எல்லோருக்கும் பல்லில்தான் கோளாறு என்று நினைப்பு.

ஆகஸ்ட் 9, சனி

இந்த யூடியூப்காரர்களைப் போல ஒரு மனிதனைக் குழப்ப யாராலும் முடியாது. மார்வின் ஹேட்ச் மவுத்பீஸ் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ஒருவர் அதை வாங்கிய பிறகுதான் தனக்கு வாழ்க்கையே தொடங்கியது என்கிறார். இன்னொருவர், எந்த மவுத்பீஸில் ஊதினாலும் கடைசியில் உன் சத்தம்தான் வரும், காசை மிச்சப்படுத்து என்கிறார். சொல்கிறவர் பின்னால் சுவர் முழுக்க மவுத்பீஸாக அடுக்கி வைத்திருக்கிறார்!

ஒரு வீடியோவில் ஒரே ஆள் ஏழு மவுத்பீஸில் ஒரே பாட்டை வாசித்துக் காட்டினார். எனக்கு வித்தியாசம் புரியவில்லை. ரெஜினாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே ஏழையும் கேட்டாள்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நாலாவது வாசிக்கிறப்ப மட்டும் அவருக்கு மூக்கடைப்பு."

"ஏழும் ஒரே ஆளுடீ."

"அப்ப நடுவுல ஜலதோஷம் புடிச்சிருக்கும்."

இவளிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை. கறி எடுத்தேன். வேகவில்லை என்று நான் சாப்பிடவில்லை. ரெஜினாவுக்கு வெந்திருந்ததாம்.

ஆகஸ்ட் 13, புதன்

சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். அந்த மவுத்பீஸ் ஒன்று இருப்பில் இருக்கிறதாம். வந்து ஒரு தடவை ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வாயில வச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டோம் சார், எச்சில் பொருள்" என்றான். செருப்பைக்கூட நாலு ஜோடி போட்டுப் பார்த்து வாங்குகிற ஊரில், இத்தனை விலையுள்ள பொருளைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டுமாம். கோபத்தில் போனை வைத்தேன். பிறகு நானே மறுபடி கூப்பிட்டு, எடுத்து வைக்கச் சொன்னேன்.

சொன்னவுடனே அந்த ஆள், அது நேற்றே விற்றுப்போய்விட்டது, கணினியில் அழிக்க மறந்துவிட்டோம் என்றான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேராக அமெரிக்காவிலிருந்தே வரவழைக்க ஆர்டர் போட்டுவிட்டேன். புது ஜெராக்ஸ் மெஷினுக்கு எடுத்து வைத்திருந்த பணம். பழைய மெஷின் இன்னும் ஒரு வருடம் ஓடும், இருக்கவே இருக்கிறது முட்டுக்கு வேறு டைரி.

ரெஜினாவிடம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சத்தமே போடவில்லை.

"பெரிய கடைவீதிப் பக்கம் புதுசா ஒரு பல் ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்களாம். நல்லா பாக்குறாங்களாம்," என்றாள்.

"இதுக்கும் அதுக்கும் என்னடீ சம்பந்தம்?"

"சம்பந்தம்னு நான் சொன்னேனா? தொறந்திருக்காங்கன்னு சொன்னேன்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. தங்கம் என்று எழுதியிருப்பதால் விளக்கம் வேண்டுமாம். நகை இல்லை ஐயா, நான் ஊதுகிற பொருள் என்று போனில் சொன்னேன். எதற்கு ஊதுவீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டார். கடைசியில் நான் மேடையில் நிற்கிற போட்டோ அனுப்பிவைத்தேன். வரியையும் கட்டினேன்.

இன்று குணாளன் வீட்டு மாடியில் ஒத்திகை. பழைய மவுத்பீஸில் கொஞ்சம் வலதுபக்கமாகக் கடித்து ஊதினால் தேவலாம் போலிருந்தது. ஆனால் சுருதி ஏறிவிடுகிறது. "அங்கிள், ஷார்ப் ஆகுது" என்று கிஷோர் சொன்னான். எனக்குத் தெரியாதா? இவன் பிறப்பதற்கு முன்னாலிருந்து எனக்கு அந்தச் சுருதி தெரியும். சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

இரண்டு வாரமாக வீட்டில் இட்லி, இடியாப்பம், கஞ்சி, குழைந்த சாம்பார் சாதம். சப்பாத்தியே கண்ணில் படவில்லை. ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்துவிட்டது!

வெல்வெட் பை, அதற்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பை. தங்க நிறத்தில் மெலிந்து நீளமாக, பக்கவாட்டில் மார்வின் ஹேட்சின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் போட்ட மாதிரி ஒரு கையெழுத்து, ஆனாலும் பார்க்க அழகாக இருக்கிறது. பல் வழுக்காமல் இருக்க மேலே கறுப்பு ரப்பர் பட்டை ஒன்றும் ஒட்டித் தந்திருக்கிறார்கள்.

மாட்டி ஊதினேன். என்ன சத்தம்! அறைக்குள் இன்னொரு ஆள் நின்று வாசிப்பது போலிருந்தது. இது பழசைவிட ஒல்லி என்பதால் வாயை அதிகம் திறக்க வேண்டியதில்லை. பல்லும் வேறு இடத்தில் படுகிறது, அதனால் வலியே இல்லை.

வலி என்று எழுதிவிட்டேன். முன்பும் வலி என்று ஒன்றும் இல்லை, ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

ரெஜினாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்குங்க," என்று மனதாரச் சொன்னாள். செலவழித்த ஒவ்வொரு பைசாவும் தகும். அந்த யூடியூப்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 1, திங்கள்

கீச்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மறுபடியும் கீச். மேலே ஏறும்போதும் கீச், இறங்கும்போதும் கீச். இப்போது தங்க முலாம் பூசிய கீச்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், உங்கள் பொருள் பழுது என்று. பதில் வந்திருக்கிறது: வாழ்த்துகளாம், பழகப் பழகச் சரியாகிவிடுமாம், கூடவே அவர்களுடைய ரீட்டும் வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமாம். ரெஜினா பக்கத்தில் வராமல் அடுப்படியிலேயே இருந்தாள். புத்திசாலி.

செப்டம்பர் 4, வியாழன்

கடைசி ஒத்திகை. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்று தடவை வாசித்தேன், மூன்று தடவையும் ஒரே இடத்தில் உடைந்தது. குணாளன் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க மேடையில நில்லுங்க. முன்னாடியே நில்லுங்க. அந்தத் தங்க மவுத்பீஸு வீடியோல நல்லா மின்னும். சவுண்டு மட்டும் கிஷோர் குடுக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் என்ன பண்ணணும்?"

"வாயில வச்சுக்கிட்டு வெரல அசைங்க போதும். யாருக்கும் தெரியாது."

அவன் கேலி செய்யவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தான். அதுதான் தாங்க முடியவில்லை. யார் கல்யாணத்தில் வாசித்தேனோ, அவர்கள் பிள்ளைகளின் கல்யாணத்திலும் வாசித்தவன் நான். இனி ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பொம்மையும் வேண்டாம் என்பார்கள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் தலையாட்டினேன் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பிற்பகல் கடையில் கரண்ட் இல்லை. சும்மா இருக்க முடியாமல் இரண்டு மவுத்பீஸையும் துடைக்க எடுத்தேன். புதியதன் மேலிருந்த கறுப்பு ரப்பரில் ஏற்கெனவே பல் பதிந்திருந்தது.

ஒரு குழிதான் இருந்தது.

பழசை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் இரண்டு. புதியதில் வலதுபக்கம் ஆழமாக ஒன்று, இடதுபக்கம் ரப்பர் வந்தபடியே வழவழவென்று இருந்தது. வாசலில் வெளிச்சத்தில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரப்பரிடம் இல்லையென்று நான் சாதிக்க முடியாது.

எழுதிவிடுகிறேன். இடது முன்பல் ஈஸ்டரிலிருந்து ஆடுகிறது. நாக்கால் தள்ளினால் முன்னும் பின்னும் போகிறது. மவுத்பீஸின் அதிர்வு பட்டால் கண்ணில் நீர் வரும். அதனால் அந்தப் பல்லை ஒதுக்கி ஒரு பக்கமாகக் கடிக்கிறேன், கடிப்பதால்தான் சத்தம் உடைகிறது. எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. பயமாக இருந்தது. சூசையண்ணன் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் ரெஜினாவிடம் சொன்னேன். "ஈஸ்டர்லேர்ந்து தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சும் ஏண்டீ என்னை அதை வாங்க விட்ட?"

"பல்லுன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா அன்னைக்கே சாக்ஸபோனைத் தூக்கிப் பரண்மேல போட்டிருப்பீங்க. அதுக்கு மெஷின் காசு போனாப் போவட்டும்னு விட்டேன்."

பிறகு எனக்குக் கஞ்சி ஊற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 6, சனி

காலையில் பல் ஆஸ்பத்திரி. அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடுத்தால் ஆறும்வரை ஊதக் கூடாது, பிறகு புதுப் பல் கட்டலாம். நாளை கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அங்கிருந்து நேராகச் சூசையண்ணன் வீட்டுக்குப் போனேன். சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தை இதுவரை நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கே வாயக் காட்டுன்னு கேட்டேன்ல? மறைச்சு மறைச்சுத்தான் நான் கெட்டேன். பல்லு ஆடுறப்பவே போயிருந்தா கட்டியிருக்கலாம். எல்லாம் கொட்டுன பொறவு போனா எவன் என்ன பண்ணுவான்?"

திட்டி முடித்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அவரே கேட்டார்.

"மேல் உதட்ட உள்ள மடிச்சுப் பல்லு மேல போத்திக்கிட்டு ஊதிப் பாத்தியா?"

"அது பழைய காலத்து முறைண்ணே. மேல போகாது, சத்தமும் சின்னதா வரும்."

"சின்னதா வந்தா நான் பெருசாக்குறேன். அதுக்குத்தானே அங்க உக்காந்திருக்கேன்? கடிக்காத, கடிக்கவே கடிக்காத. டிரம்பெட்டுக்கு அந்த வசதி இல்ல. உனக்கு இருக்கு, அதையும் விட்றாத."

சாயந்திரம் வரை அவர் வீட்டிலேயே ஊதினேன். உதடு வீங்கிவிட்டது. தங்கத்தில் வரவில்லை, அதன் முனை ஒல்லி, உதட்டுக்குப் பிடிமானம் இல்லை. பழசில் வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேடையில் முன்னால் நின்றேன், பொம்மை நிற்க வேண்டிய இடத்தில். மாட்டியிருந்தது பழைய கறுப்பு. தங்கம் ரெஜினாவின் கைப்பையில், கைக்குட்டையில் சுற்றி. குணாளன் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரோடு நின்றதால் அதைக் கவனிக்கவில்லை.

டிரம்ஸ் தொடங்கியது. கிஷோர் மேல் கீபோர்டில் கை வைத்தான். சத்தம் வரவில்லை. பட்டனை அமுக்கினான், வயரை ஆட்டினான், எதிரே மிக்ஸரைப் பார்த்தான். சூசையண்ணன் மண்டபத்து விதானத்தில் தொங்கிய சர விளக்கை ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் உதட்டை மடித்து ஊதினேன். மேலே ஏற வேண்டிய சரணத்தை ஏறாமல் கீழேயே வாசித்தேன், மெதுவாக, கடிக்காமல். பெரிய வாசிப்பு ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் காற்றுதான் வந்தது, ஓரிடத்தில் சுருதி சரிந்தது. ஆனால் கீச் வரவில்லை. சின்னதாகப் புறப்பட்ட சத்தம் மண்டபத்தின் கடைசி வரைக்கும் போனது எனக்கே கேட்டது. பாதியில் கிஷோர் என் முகத்தைப் பார்த்தான். என்ன புரிந்துகொண்டானோ, மேல் கீபோர்டை விட்டுவிட்டுக் கீழே இருப்பதில் எனக்குத் துணையாக மெல்ல வாசிக்க ஆரம்பித்தான். நன்றாக வாசிக்கிறான், எழுதித்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

முடிந்ததும் குணாளன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, என்னா சவுண்டு! மவுத்பீஸுன்னா இதுதாண்ணே மவுத்பீஸு. குடுத்த காசு தகும்!"

"இது பழசு குணா," என்று கழற்றியே காட்டினேன்.

"தொழில் ரகசியத்த எங்கிட்டயே மறைக்கிறீங்க பாத்தீங்களா," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பல் எடுத்தாயிற்று. குணாளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய் ஆறும்வரை கிஷோர் பார்த்துக்கொள்வான், ஆறியதும் வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான் என்றான். மவுத்பீஸ் விஷயத்தை மட்டும் இப்போதும் நம்பவில்லை.

செப்டம்பர் 20, சனி

கடையில் கூட்டம். ஜெராக்ஸ் மெஷின் தாளை மென்று தின்கிறது. என்னால் முடியாததை அதுவாவது செய்யட்டும்.

மதியம் ஒரு போன். திண்டுக்கல்லில் ஒரு பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிறவராம், பெயர் அந்தோணிதாஸ். குணாளன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

"அண்ணே, மார்வின் ஹேட்ச் வச்சிருக்கீங்களாமே. ஆறு மாசமா யோசிச்சிட்டே இருக்கேன். இப்ப இருக்கிறதுல மேல போனா ஒடையுது. வேற ஒரு காரணமும் இல்லண்ணே, எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். அவ்வளவு காசு குடுக்கலாமா?"

நல்ல பொருள்தான், என்னுடையதையே பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மெஷின் காசில் கொஞ்சமாவது திரும்பியிருக்கும்.

"தம்பி, கோச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "முறுக்கு திங்கிறீங்களா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்தப் பல்லுப்பா?" என்றேன்.